நடக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு சேர், ஸ்பிளிண்ட், ஸ்டாண்டர், வாக்கர்: எதை முதலில், எப்படி?

குமரி மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. துணி காயப்போடும் கொடியாகிவிட்ட ஸ்டாண்டரையும் (பிள்ளையை வார் கட்டி நிறுத்தும் ஃபிரேம்), பரணில் ஏறிவிட்ட வாக்கரையும் நிறைய வீடுகளில் பார்க்கிறேன். பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. வரிசைதான் மாறிப்போயிருக்கும். உட்காரவே பழகாத பிள்ளைக்கு வாக்கர் வந்திருக்கும், இல்லையென்றால் யாரும் அளவெடுக்காமலே சேர் வந்து இறங்கியிருக்கும்.

மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தசைச்சிதைவு, முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கும் அளவெடுப்பதும் பராமரிப்பும் இதே மாதிரிதான். ஆனால் எந்தப் பொருள், எவ்வளவு நேரம் என்பது அவர்களுக்கு மாறும். உங்கள் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த சிகிச்சையாளர் இங்கே உள்ளதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

1. முதலில் பிள்ளை எந்த நிலை என்று தெரிந்துகொள்ளவும்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் அசைவுத்திறனை ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற அளவுகோலில் ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். முதல் நிலைப் பிள்ளை தானாக நடக்கும், ஓடும், கொஞ்சம் தடுமாறும். இரண்டாம் நிலையில் நடக்கும், மாடிப்படியில் மட்டும் கைப்பிடி வேண்டும். மூன்றில் வாக்கரோ ஊன்றுகோலோ பிடித்து நடக்கும். நான்கில் பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். ஐந்தில் தலையையும் முதுகையும் நிறுத்தவே தாங்கல் வேண்டும்.

சிகிச்சையாளரிடம் "எங்க பிள்ளை எந்த லெவல்?" என்று நேராகக் கேளுங்கள். பாதிப் பொருட்கள் தேவையில்லை என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். ஒன்று, இரண்டாம் நிலைக்குப் பெரும்பாலும் ஸ்பிளிண்ட், அதாவது காலில் போடும் பிளாஸ்டிக் தாங்கி, போதும். மூன்றாம் நிலைக்கு ஸ்பிளிண்டும் வாக்கரும். நான்கு, ஐந்துக்கு நல்ல சேரும் ஸ்டாண்டரும்தான் முக்கியம். பக்கத்து வீட்டுப் பிள்ளை வாக்கரில் நடக்கிறதே என்று அதையே வாங்கினால் பணமும் போகும், பிள்ளையும் பயந்துவிடும்.

கூடவே இடுப்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்திருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. நான்கு, ஐந்தாம் நிலையில் இன்னும் அதிகம். ஆரம்பத்தில் வலிக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தொடை எலும்பின் தலை 30 சதவீதத்துக்கு மேல் குழியைவிட்டு வெளியே வந்திருந்தால், எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் ஸ்டாண்டரில் ஏற்ற வேண்டாம். படம் எடுக்கும்போது கால்கள் நேராகவும் இரண்டு முட்டிச்சில்லும் மேலே பார்த்தபடியும் இருக்க வேண்டும். பிள்ளை நெளிந்தால் நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். கோணலாக எடுத்த படத்தில் கணக்கு தப்பாகும்.

2. விண்ணப்பத்தை அன்றே போட்டுவிடவும்

காகித வேலை மெதுவாகத்தான் நகரும். பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு தொடங்கினால், கையில் கிடைக்கும்போது பிள்ளை ஓர் அளவு வளர்ந்திருக்கும். அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடிப்படை, மாற்றுத்திறனாளிக்கான யு.டி.ஐ.டி. அட்டை. இணையத்தில் பதிந்துவிட்டு, அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். நம் மாவட்டத்தில் பெரும்பாலோர் போவது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. உபகரண உதவிக்குக் குறைந்தது 40 சதவீதம் என்று சான்று வேண்டும். பிள்ளையின் ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஆதாரில் ஒரு மாதிரியும் பிறப்புச் சான்றில் ஒரு மாதிரியும் இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

பொருள் கிடைக்க இரண்டு வழி. ஒன்று, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இன்னொன்று, பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, ராஜாக்கமங்கலம், குருந்தன்கோடு, தக்கலை, திருவட்டாறு, கிள்ளியூர், முஞ்சிறை, மேல்புறம் என்ற ஒன்பது வட்டாரங்களில் உங்களுடையது எதுவோ அங்கே உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அவர்கள் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துவார்கள். பள்ளிக்கே போகாத பிள்ளையானாலும் பதியலாம். "எங்க பிள்ளை ஸ்கூலுக்குப் போகலையே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

உபகரணம் வாங்க உதவும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழு விலையும், 30,000 வரை இருந்தால் பாதி விலையும் கிடைக்கும். ஒருமுறை உதவி பெற்றவர் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு வருடம்தான். பிள்ளை வளர்வதால் வந்த சலுகை இது. தெரியாமல் மூன்று வருடம் சும்மா இருக்காதீர்கள்.

தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீட்டையும் இதோடு எடுத்துவிடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் வரை, தொடர் சிகிச்சைக்கும் பயன்படும்.

முகாமில் பொருள் தரும்போது ஒரே ஒரு விஷயம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடும் முன் பிள்ளையை அதில் உட்கார வைத்துப் பாருங்கள். பெரிதாக இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற சமாதானம் சட்டைக்குப் பொருந்தும், சேருக்குப் பொருந்தாது. பெரிய சேரில் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து முதுகெலும்பு வளைய வழியாகும்.

3. உட்கார, நிற்க, நடக்க: இந்த வரிசையை மாற்ற வேண்டாம்

பெற்றோர் எல்லாரும் நடப்பதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். நான் சேரில்தான் தொடங்குவேன். பிள்ளை நாளில் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழிக்கிறது. சாப்பிடுவது, விளையாடுவது, பாடம் கேட்பது எல்லாம் அப்படியே. இடுப்பு நேராக நின்றால்தான் கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால்தான் எதையாவது பிடிக்க முடியும். வளைந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒரு கையைத் தரையில் ஊன்றியே நேரத்தைப் போக்கிவிடும்.

சேருக்குப் பிறகு ஸ்பிளிண்ட், அதற்குப் பிறகு ஸ்டாண்டர். ஸ்பிளிண்ட் இல்லாமல் நிறுத்தினால் குதிகால் தூக்கிக்கொண்டு, பாரம் முன்பாதத்தில் மட்டும் இறங்கும், பாதம் உள்பக்கம் சரியும். வாக்கர் கடைசி. உட்கார்ந்த இடத்திலிருந்து ஏதாவது ஒரு பிடியோடு எழுந்து சில நிமிடம் நிற்க முடிந்தால் வாக்கரைப் பற்றிப் பேசலாம். நான்கு, ஐந்தாம் நிலைப் பிள்ளைகளுக்குச் சாதாரண வாக்கர் வேண்டியே இருக்காது. அதைச் சொல்லும்போது அம்மாமார்களின் முகம் வாடுவது எனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

4. அளவெடுப்பது

தையல்காரர் டேப், பேப்பர், பேனா, கூட ஒரு ஆள். ஸ்பிளிண்ட் போடும் பிள்ளை என்றால் அதையும் ஷூவையும் போட்டபடியே எடுக்க வேண்டும். குதிகாலின் கீழ் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் கால்பலகையின் உயரம் மாறிவிடும்.

கட்டிலில் வைத்து எடுக்காதீர்கள், மெத்தை அமுங்கும். ஒரு பெஞ்சில் பிள்ளையை உட்கார வைத்து, ஒருவர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து நேராக்கிக்கொண்ட பிறகுதான் டேப்பை வைக்க வேண்டும். வளைந்து உட்கார்ந்த பிள்ளையை அப்படியே அளந்தால், இருக்கையின் ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வரும். நான் பார்க்கும் சேர்களில் இருக்கும் முக்கால்வாசிக் குறை இந்த ஒரு அளவில்தான்.

இருக்கை ஆழம்: பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முட்டிமடக்கு வரை அளந்து, அதில் இரண்டு விரல் அகலம் கழிக்கவும். கழிக்காவிட்டால் பலகையின் விளிம்பு முட்டிக்குப் பின்னால் இடிக்கும், பிள்ளை அதிலிருந்து தப்பிக்க முன்னால் வழுக்கும். இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து, வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பு விலகலுக்கு அதுவும் ஓர் அடையாளம்.

அகலம்: இடுப்பின் அகலத்தோடு மொத்தம் இரண்டு சென்டிமீட்டர் கூட்டினால் போதும். வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால் இருக்கையை அகலமாகச் செய்து, பக்கங்களில் கழற்றக்கூடிய ஸ்பாஞ்ச் வைத்து இப்போதைக்குக் குறைத்துக்கொள்ளலாம். கால்பலகை: முட்டிமடக்கிலிருந்து குதிகால் வரை. முதுகுப்பலகை: தலை நிற்கும் பிள்ளைக்குத் தோள் வரை, நிற்காத பிள்ளைக்குத் தலைக்கு மேல் வரை. மேசைப்பலகை: முழங்கையை மடக்கி வைத்தால் வரும் உயரத்திற்குச் சற்று மேலே.

பிறகு வீட்டை அளக்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. பழைய ஓட்டு வீடுகளில் உள்வாசல் குறுகல், நிலைப்படியும் உயரம். பொருள் எந்த அறையில் இருக்கும், யார் தினமும் பிள்ளையைத் தூக்கி அதில் வைப்பார், அந்த நேரத்தில் அவர் வீட்டில் தனியாக இருப்பாரா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் பொருள் திண்ணையிலேயே நின்றுவிடும்.

5. வாங்குவதா, ஆசாரியிடம் செய்வதா

ஸ்பிளிண்டையும் வாக்கரையும் ஊரில் செய்ய முயற்சி செய்யாதீர்கள். ஸ்பிளிண்ட்டுக்கு மாவுக்கட்டு போட்டு அச்செடுக்கத் தெரிந்த ஆர்த்தோட்டிஸ்ட் வேண்டும். வாக்கரின் சக்கரமும் வெல்டிங்கும் நம்பகமாக இருக்க வேண்டும்.

தரையில் உட்காரும் கார்னர் சீட், பெஞ்ச், மேசைப்பலகை, நிமிர்ந்து நிற்கும் எளிய ஸ்டாண்டர் இவற்றை நல்ல ஆசாரி ஒருவர் அழகாகச் செய்துவிடுவார். கார்னர் சீட் என்பது சுவர் மூலைபோல இரண்டு பலகை சேர்ந்த முதுகு உள்ள இருக்கை. தோள்கள் முன்னால் வருவதால் கைகள் தானாக நடுவில் சேரும். அயனி பலகையோ மரைன் பிளைவுட்டோ எடுக்கலாம். ரப்பர் மரம் மலிவு, ஆனால் சரியாகப் பதப்படுத்தாதது மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஒட்டிச் செய்யும் சீட் சில இடங்களில் நன்றாக உழைக்கிறது. நம் ஊர் ஈரத்திற்கு, வார்னிஷ் நன்றாக ஏறாவிட்டால் அது ஒரு பருவமழையைத் தாங்காது.

ஆசாரியிடம் படம் மட்டும் காட்டினால் அவர் பார்வைக்கு அழகாகச் செய்வார். அளவுகளை எழுதிக் கொடுத்து, பிள்ளையையும் ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள். முனைகள் எல்லாம் உருட்டியிருக்க வேண்டும், ஆணித்தலை வெளியே தெரியக் கூடாது, அடிப்பாகம் மேல்பாகத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். உடம்பை விறைத்துப் பின்னால் தள்ளும் பிள்ளைக்குப் பின்கால்கள் இன்னும் பின்னால் தள்ளி ஊன்ற வேண்டும். இல்லையென்றால் சேரோடு சாயும்.

6. சேரில் உட்கார வைப்பது

எப்போதும் இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளையின் பிட்டம் முதுகுப்பலகையைத் தொடும் வரை பின்னால் தள்ளுங்கள். முன்னாலிருந்து முட்டிக்குக் கீழே கை கொடுத்துத் தள்ளினால் எளிதாகப் போகும். கால்களை மடக்கி வைத்தால் விறைப்பு குறையும். அப்புறம் இடுப்பு பெல்ட். அது வயிற்றின் குறுக்கே போகக் கூடாது. தொடையும் உடலும் சேரும் மடிப்பில், இருக்கையோடு 45 டிகிரி சாய்வில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். வயிற்றில் கட்டினால் பிள்ளை அதன் அடியில் வழுக்கிப்போகும், பெல்ட் மேலே ஏறி நெஞ்சையும் கழுத்தையும் அழுத்தும். இதுதான் ஆபத்தான தவறு.

இடுப்பு நிலையான பிறகு பாதம். இரண்டு பாதமும் பலகையில் முழுதாகப் படிய வேண்டும். தொங்கும் காலோடு உங்களை ஒரு உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து எழுதச் சொன்னால் உங்களுக்கே கஷ்டமாக இருக்கும். அதற்குப் பிறகுதான் மார்பு பெல்ட், கடைசியில் மேசைப்பலகை.

தொடைகளுக்கு நடுவில் உள்ள கட்டை, கால்கள் கத்தரிபோல ஒட்டாமல் இருக்க வைத்தது. முட்டிப் பக்கம் இருக்க வேண்டும். பிள்ளை வழுக்காமல் இருக்க அதைக் கவட்டை வரை பின்னால் தள்ளி வைக்கிறார்கள் சிலர். அது பிறப்புறுப்பில் அழுத்தும். வழுக்குகிறது என்றால் இருக்கையின் ஆழத்தையும் பெல்ட்டின் சாய்வையும் திரும்பப் பாருங்கள். இருக்கையின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தினாலும் விறைத்துத் தள்ளுவது குறையும்.

சோறு ஊட்டும்போது தலை பின்னால் சாயக் கூடாது. தாடை சற்று உள்ளே இறங்கியிருக்க வேண்டும். அண்ணாந்த தலையில் ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழலுக்குள் போகும். அடிக்கடி சளி, காய்ச்சல் என்று ஓடும் பிள்ளைகளில் பலருக்கு ஊட்டும் நிலையை மாற்றினாலே அது குறைகிறது.

7. ஸ்பிளிண்ட் போடுவது

முட்டிக்குக் கீழே போடும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டை ஏ.எஃப்.ஓ. என்பார்கள். முட்டியை மடக்கிக்கொண்டு போடுங்கள், கெண்டைச்சதை தளரும், குதிகால் எளிதாக இறங்கும். முதலில் நீளமான பருத்திக் காலுறை, சுருக்கம் இல்லாமல். கணுக்கால் வாரை முதலில் இறுக்க வேண்டும், மேலே உள்ள கெண்டைக்கால் வாரைப் பிறகு. மேலே முதலில் கட்டினால் குதிகால் தூக்கியபடியே மாட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் சரியாகத் தெரியும், உள்ளே கால் நுனிவிரலில் நிற்கும்.

இறங்கியதா என்று பார்க்க ஒரு வழி. ஸ்பிளிண்ட் போடும் முன் காலுறையின் குதிகாலில் கொஞ்சம் பவுடர் தடவுங்கள். கழற்றியதும் ஸ்பிளிண்ட்டின் உள்ளே குதிகால் குழியில் பவுடர் ஒட்டியிருந்தால் கால் இறங்கியிருக்கிறது.

முதல் நாள் அரைமணி நேரம். கழற்றியதும் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பு இருபது நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால், கொப்புளம் இருந்தால், அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு ஆர்த்தோட்டிஸ்டிடம் காட்டுங்கள். நீங்களாக உள்ளே பஞ்சு வைக்காதீர்கள், அந்த இடத்தில் அழுத்தம் இன்னும் கூடும். ஷூ ஒரு சைஸ் பெரிதாக வேண்டும், உள்சோலை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். பாட்டா செருப்போடு ஸ்பிளிண்ட் சேராது, பின்பக்கம் மூடிய ஷூ வேண்டும்.

8. ஸ்டாண்டரில் நிறுத்துவது

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தலை நிற்காத பிள்ளைக்குப் படுக்க வைத்து நிமிர்த்தும் வகை, தலை நிற்கும் பிள்ளைக்கு முன்னால் சாய்ந்து நிற்கும் வகை அல்லது நேராக நிற்கும் வகை. எது என்பதைச் சிகிச்சையாளர் சொல்ல வேண்டும். அண்மையில் எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால், முட்டி நீட்ட முடியாமல் மடங்கியே இருந்தால், நிறுத்தும்போது வலித்து அழுதால், முதலில் மருத்துவரிடம். நடக்காத பிள்ளைகளின் எலும்பு பலவீனமாக இருக்கும். வலிப்பு மருந்து நீண்ட காலம் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது போகட்டும். நிறைந்த வயிற்றின் மேல் மார்பு வார் இறுகினால் வாந்தி வரும், அடுத்த நாள் ஸ்டாண்டரைக் கண்டாலே அழும். சிறுநீர் கழிக்க வைத்து, கால்களை மெல்ல நீட்டி மடக்கித் தளர்த்தி, ஸ்பிளிண்டும் ஷூவும் போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஃபிரேம் பக்கம் போக வேண்டும்.

படுக்கும் வகையில், பலகையைத் தட்டையாக வைத்து, சக்கரப் பூட்டைப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் படுக்க வையுங்கள். இடுப்பு வாரைத் தளர்வாகப் போடுங்கள், உருளாமல் இருக்க. பிறகு பாதங்களைப் பலகையில் படிய வைத்துக் கட்டுங்கள். அப்புறம் முட்டித் தாங்கி. அது முட்டிச்சில்லின் மேல் நேராக அழுத்தக் கூடாது. அடுத்து இடுப்பு வாரை இறுக்கி, கடைசியில் மார்பு வார். மார்பு வாருக்குள் உங்கள் கை நுழைய வேண்டும். எல்லாம் கட்டியதும் கால்களுக்கு இடையே கொஞ்சம் விரிவு இருக்கிறதா என்று பாருங்கள். விரித்து நிற்கும்போதுதான் தொடை எலும்பின் தலை குழிக்குள் நன்றாக உட்காரும்.

உடனே செங்குத்தாக்க வேண்டாம். பாதியில் நிறுத்தி முகத்தைப் பாருங்கள். முகம் வெளுத்தாலோ வியர்த்தாலோ இறக்குங்கள், ரத்த அழுத்தம் விழுகிறது என்று அர்த்தம். பாதம் நீலமாகக் கறுத்தாலும் இறக்குங்கள். சரியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நிமிர்த்தலாம். நிமிர்த்திய பிறகு வார்கள் தளர்ந்திருக்கும், எல்லாவற்றையும் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது சரிபார்ப்பைப் புதியவர்கள் எல்லாருமே மறக்கிறார்கள்.

முதல் வாரம் ஐந்து பத்து நிமிடம் போதும். மெல்லக் கூட்டி ஒரு நாளைக்கு 60 முதல் 90 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் வரை போவது எலும்புக்கும் இடுப்புக்கும் பலன் தரும் அளவு. ஒரே மூச்சில் வேண்டாம், காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்று பிரிக்கலாம்.

நிற்கும் நேரத்தில் பிள்ளைக்கு வேலை வேண்டும். சுவரைப் பார்த்து நிறுத்தினால் அது தண்டனை மாதிரிதான். அடுக்களை வாசலில் நிறுத்தி மேசைப்பலகையில் உரித்த பூண்டையோ வெண்டைக்காயையோ கொடுங்கள். முஞ்சிறைப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளை அழத் தொடங்கியதும் பாட்டி என்னிடம், "மக்ளே, வாரை ஒண்ணு லூசாக்கி விடு, பிள்ளைக்கு நோவும்" என்றார்கள். "அம்மச்சி, லூசாக்கினா முட்டி மடங்கிரும், அப்போதான் நோவும். நீங்க முன்னால உக்காந்து பேசுங்க" என்றேன். பாட்டி முன்னால் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆயத் தொடங்கினார்கள். பிள்ளை ஒவ்வொரு இணுக்காக எடுத்துக் கொடுத்தது. அந்த வீட்டில் ஸ்டாண்டர் நேரம் இப்போது கீரை ஆயும் நேரம்.

9. வாக்கர்

முன்னால் தள்ளும் வாக்கரைவிட, பிள்ளைக்குப் பின்னால் வரும் போஸ்டீரியர் வாக்கரையே இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் பரிந்துரைப்பார்கள். முன்னால் உள்ளதில் பிள்ளை அதன் மேல் சாய்ந்து குனிந்தே நடக்கும். பின்னால் இருந்தால் நிமிர்ந்தாக வேண்டும். கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் இருக்கட்டும். பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கும். சக்கரம் பின்னோக்கி உருளாத பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய மர நடைவண்டி டைல்ஸ் தரையில் பிள்ளையைவிட வேகமாக ஓடிவிடும். வட்டமாக நடுவில் உட்கார வைக்கும் பேபி வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் பிள்ளை நுனிக்காலால் உந்தி உந்தி, நாம் குறைக்கப் பாடுபடும் பழக்கத்தையே வளர்க்கும். கவிழ்வதும் படியில் உருள்வதும் வேறு. கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை.

முதலில் பத்தடி சமதரை போதும். பள்ளி வராந்தா, கோயில் மண்டபம், சர்ச் ஹால் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே. இன்டர்லாக் கல் பதித்த முற்றத்தில் சிறு சக்கரம் இடுக்கில் மாட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் வாக்கரை இழுக்காதீர்கள், பின்னால் நின்று இடுப்பை மட்டும் தொட்டுக்கொண்டு வாருங்கள்.

10. தரையில் வைக்கும் சாமான்கள்

வெட்ஜ் (ஒரு பக்கம் உயர்ந்து சரியும் மெத்தை), ரோல் (உருளை), பந்து மூன்றும் செலவு குறைந்தவை. வெட்ஜில் குப்புறப் படுக்க வைக்கும்போது உயரமான பக்கம் அக்குளுக்குக் கீழே வரட்டும், கைகள் முன்னால் இறங்க வேண்டும். ரோலை பி.வி.சி. குழாயில் கெட்டி ஸ்பாஞ்ச் சுற்றி, ரெக்சின் தைத்து வீட்டிலேயே செய்யலாம். பந்தின் அளவு, பிள்ளை மேலே உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொட்டு முட்டி செங்கோணத்தில் இருக்கும் அளவு. முழுதாக ஊதாமல் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், உருளும் வேகம் குறையும். பந்தில் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போன் எடுக்கப் போகாதீர்கள்.

11. உப்புக்காற்றும் இரண்டு மழையும்

குளச்சல், முட்டம், தூத்தூர்ப் பக்கம் இரும்பு சீக்கிரம் துருவேறும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். குழாயின் திறந்த முனைகளில் ரப்பர் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், துரு உள்ளிருந்துதான் தொடங்கும். தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது மணலையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

வெல்க்ரோவில் முடியும் தும்பும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும். பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். தையல்காரர் அரைமணி நேரத்தில் மாற்றிக் கொடுப்பார். பிடிக்காத வாரைப் பின் குத்தியோ கயிற்றால் கட்டியோ சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன், அவசரத்துக்குக் கழற்ற முடியாது.

மலைப்பக்கம் குலசேகரம், பேச்சிப்பாறையில் துருவைவிட ஈரம்தான் தொல்லை. ஸ்பாஞ்ச் உறை கழற்றித் துவைக்கும்படி ஜிப் வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளிண்டை வெயிலில் காயவைக்கவோ காரின் உள்ளே விடவோ கூடாது, பிளாஸ்டிக் வளைந்து வடிவம் மாறும். சோப்புத் துணியால் துடைத்து நிழலில் வைத்தால் போதும்.

12. மாற்ற வேண்டிய நேரம்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா அளவையும் திரும்ப எடுத்து அதே பேப்பரில் தேதியோடு எழுதுங்கள். ஸ்பிளிண்டில் விரல்கள் விளிம்பைத் தாண்டினால், கணுக்கால் எலும்பு பக்கத்தில் உரசினால், அது முடிந்தது. வளரும் வயதில் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டி வரும். சேரில் முட்டிமடக்குக்கும் விளிம்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி வந்துவிட்டால் தொடைக்குத் தாங்கல் போதவில்லை என்று பொருள். ஸ்டாண்டரில் மார்பு வார் வயிற்றுக்கு இறங்கினால் கம்பியை உயர்த்துங்கள், அதற்கு மேல் ஏறாவிட்டால் பெரியது வேண்டும்.

புதிய விண்ணப்பத்துக்கு இந்தப் பேப்பரே நல்ல சான்று. "சின்னதாகிவிட்டது" என்று வாயால் சொல்வதைவிட, போன வருட அளவும் இந்த வருட அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அலுவலகத்தில் பேச்சு குறையும்.

சிறிதாகிப்போன சேரையும் ஸ்டாண்டரையும் வட்டார வள மையத்தில் சொல்லி வையுங்கள், அந்த அளவுள்ள இன்னொரு பிள்ளை அதே வட்டாரத்தில் இருக்கும். ஸ்பிளிண்டை மட்டும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். அது உங்கள் பிள்ளையின் காலில் எடுத்த அச்சு, வேறு காலில் புண்தான் வரும்.